மூன்று பெத்ரோக்கள், மூன்று ஹென்றிகள்: ஐரோப்பிய மன்னர்கள் ஏன் ஒரே பெயரைச் சுமந்தார்கள்?

கேள்வி இது: ஐரோப்பிய வரலாற்றை வாசிக்கத் தொடங்கினால் பக்கத்துக்குப் பக்கம் ஹென்றி, லூயி, சார்லஸ், பெத்ரோ என்று அதே பெயர்கள் வருகின்றன. ஒரே போரில் எதிரெதிராக நிற்பவர்களுக்கும் சில சமயம் ஒரே பெயர்தான். இது பெயர்ப் பஞ்சமா, வேறு காரணம் உண்டா? இவர்களை எப்படிப் பிரித்தறிவது?

பெயர்ப் பஞ்சம் ஓரளவுக்கு உண்மைதான். 1170களின் தொடக்கத்தில் நார்மண்டியில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் விருந்தைப் பற்றி அக்காலக் குறிப்பு ஒன்று இருக்கிறது. வில்லியம் என்ற பெயருள்ள வீரர்கள் மட்டும் ஓர் அறையில் அமர்ந்து உண்பது என்று அங்கே முடிவாயிற்று; மற்றவர்களை வெளியே அனுப்பிய பிறகும் நூற்றுக்கும் மேற்பட்ட வில்லியம்கள் மிஞ்சினார்கள். நார்மண்டியிலிருந்து போய் இங்கிலாந்தை வென்ற வில்லியமின் பெயரை ஒரு நூற்றாண்டாக ஊரே பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருந்ததன் விளைவு அது.

அரச குடும்பங்களின் கதை வேறு. அங்கே குழந்தைக்குப் பெயர் வைப்பது அரசியல் செயல். எந்தச் சொத்தின் மீது உரிமை கோருகிறோம், எந்த முன்னோரின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறோம், யாருடைய நினைவை அழிக்க நினைக்கிறோம் என்பதையெல்லாம் தொட்டிலிலேயே எழுதி வைத்தார்கள். இதைப் புரிந்துகொண்டால் அலுப்பூட்டும் பெயர்ப் பட்டியல் சுவையான சாட்சியமாக மாறிவிடும். அதனால்தான் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதல் சான்று, இன்றைய பிரான்சும் ஜெர்மனியின் பெரும்பகுதியும் அடங்கிய நிலத்தை ஆண்ட பிராங்க் மன்னர் சார்லமேன். இவருடைய குடும்பம் பிராங்க் அரியணைக்குப் பரம்பரை உரிமை உடையதன்று. அரண்மனை நிர்வாகிகளாக இருந்தவர்கள், 751இல் மெரோவிஞ்சிய வம்சத்தின் கடைசி மன்னரை இறக்கிவிட்டு ஆட்சியைப் பிடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் வழக்கமாக வைத்த பெயர்கள் பிப்பின், சார்லஸ், கார்லோமன் ஆகியவை. ஆனால் 778இல் சார்லமேனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது அவர் வைத்த பெயர்கள் லூயி, லோத்தார். இரண்டும் தன் குடும்பம் வீழ்த்திய மெரோவிஞ்சிய மன்னர்களின் பெயர்கள். குளோவிஸ் என்று நாம் படிக்கும் மன்னரின் பெயரும் லூயி என்பதும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். குளோத்தாரும் லோத்தாரும் அப்படியே. லோத்தார் குழந்தையாகவே இறந்துவிட்டான். லூயி பிழைத்து 814இல் பேரரசரானார். அவரிடமிருந்துதான் பிரெஞ்சு அரியணையின் லூயி வரிசை எண்ணப்படுகிறது.

அதே உத்தியைப் பின்னால் இன்னொரு குடும்பம் சார்லமேன் வம்சத்தின் மீதே பயன்படுத்தியது. 987இல் ஐந்தாம் லூயி வாரிசில்லாமல் இறந்தார். சார்லமேன் வழியில் உரிமை உள்ள ஒருவர் இருந்தும் அவரை ஒதுக்கிவிட்டு ஹியூ காப்பே மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காப்பே குடும்பத்தினர் முதலில் ஹியூ, ராபர்ட், ஹென்றி என்று சொந்தப் பெயர்களையே வைத்தார்கள். கீவ் நகரத்து இளவரசி ஆன் மருமகளாக வந்த பிறகு, 1052இல் பிறந்த மகனுக்கு மேற்கு ஐரோப்பாவில் அப்போது அரிதாக இருந்த பிலிப் என்ற கிரேக்கப் பெயர் வந்தது. அந்தப் பிலிப் தன் மகனுக்கு 1081 வாக்கில் லூயி என்று பெயரிட்டார். ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டதால், அபகரித்த குடும்பம் என்ற பேச்சு மங்கத் தொடங்கியிருந்த காலம் அது. இன்று அவரை ஆறாம் லூயி என்கிறோம். ஐந்தாமவருக்கும் ஆறாமவருக்கும் நடுவில் வம்சமே மாறிவிட்டது. எண் மட்டும் அறுபடாமல் தொடர்கிறது.

இதற்குப் பிறகு பிரான்சில் லூயி, பிலிப் என்ற இரண்டு பெயர்கள் மாறி மாறி வருகின்றன. மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயர் என்ற வழக்கம்தான் அடிப்படை. மூத்தவன் இறந்தால் அடுத்தவன் அரியணை ஏறுவான். அப்போது வரிசை குலையும். ஆறாம் லூயியின் மூத்த மகன் பிலிப் 1131இல் பாரிஸில் குதிரையின் குறுக்கே பன்றி ஓடியதால் விழுந்து இறந்தான். அதனால்தான் ஆறாம் லூயிக்கு அடுத்து ஏழாம் லூயி வந்தார். இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டின் மகன் அல்பான்சோ பத்து வயதில், 1284இல் இறந்தான். காஸ்டில் நாட்டிலிருந்து வந்த தாயின் உறவில் கிடைத்த பெயர் அது. அவன் வாழ்ந்திருந்தால் இங்கிலாந்துக்கு ஓர் அல்பான்சோ மன்னர் கிடைத்திருப்பார். அதே ஆண்டு பிறந்த தம்பி இரண்டாம் எட்வர்டாகியிருக்க மாட்டார்.

பெயர்க் குழப்பத்தின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தின் 14ஆம் நூற்றாண்டைச் சொல்வேன். 1357 முதல் 1367 வரை அங்கே மூன்று பெரிய கிறிஸ்தவ அரசுகளையும் மூன்று பெத்ரோக்கள் ஆண்டார்கள். காஸ்டிலில் முதலாம் பெத்ரோ, போர்ச்சுகலிலும் முதலாம் பெத்ரோ, அரகானில் நான்காம் பெத்ரோ. போர்ச்சுகல் பெத்ரோ காஸ்டில் பெத்ரோவுக்குத் தாய்மாமன். மூவரும் 1285இல் இறந்த அரகானின் மூன்றாம் பெத்ரோவின் வழித்தோன்றல்கள். போர்ச்சுகல், அரகான் மன்னர்கள் இருவருக்கும் அவர் கொள்ளுத்தாத்தா. காஸ்டில் மன்னருக்கு அதற்கும் ஒரு தலைமுறை முந்தையவர். மூன்று நாடுகளும் பல தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் ஒரே மூதாதையின் பெயர் மூன்று அரண்மனைகளிலும் புழங்கியது.

உறவு இருந்ததே தவிர அமைதி இல்லை. 1356இல் ஒரு கப்பல் பறிமுதலை முன்னிட்டுக் காஸ்டிலும் அரகானும் போரில் இறங்கின. வரலாற்றாசிரியர்கள் அதை இரண்டு பெத்ரோக்களின் போர் என்றே அழைக்கிறார்கள். மூன்றாவது பெத்ரோவான போர்ச்சுகல் மன்னரின் கதை இன்னும் கொடூரமானது. அவர் இளவரசராக இருந்தபோது நேசித்த இனெஸ் தெ காஸ்த்ரோ என்ற பெண்ணை, அவருடைய தந்தையான மன்னரின் ஆணைப்படி 1355 ஜனவரியில் கோயிம்பிராவில் கொன்றார்கள். கொலையில் ஈடுபட்டவர்கள் காஸ்டிலுக்குத் தப்பி ஓடினார்கள். மாமன் பெத்ரோ மன்னரானதும் மருமகன் பெத்ரோவுடன் ஒப்பந்தம் செய்தார்: என் நாட்டில் தஞ்சம் புகுந்த உன் எதிரிகளை உனக்குத் தருகிறேன், அங்கே இருக்கும் கொலையாளிகளை எனக்குத் தா. கைமாறியவர்கள் இரு பக்கமும் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளில் ஒருவர் மட்டும் தப்பினார். போர்ச்சுகல் பெத்ரோவின் கல்லறையும் இனெஸின் கல்லறையும் அல்கோபாசா மடாலயத்தில் ஒன்றை ஒன்று நோக்கியபடி இன்றும் இருக்கின்றன.

மாமனுக்கும் மருமகனுக்கும் பட்டப்பெயரும் ஒன்றே. இருவரையும் சிலர் கொடியவர் என்றார்கள், சிலர் நீதிமான் என்றார்கள். காஸ்டில் பெத்ரோவுக்குக் கொடியவர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. 1369இல் மோந்தியேலில் அவருடைய மாற்றாந்தாய் வழி அண்ணன் என்ரிக்கே அவரைத் தன் கையாலேயே குத்திக் கொன்று அரியணையைப் பிடித்தார். கொன்றவரின் வம்சம் ஆண்டபோது எழுதப்பட்ட வரலாறு கொல்லப்பட்டவரை எப்படிச் சித்திரிக்கும்? அந்த வரலாற்றை எழுதியவர் முதலில் பெத்ரோவிடம் பணியாற்றிப் பின்பு என்ரிக்கே பக்கம் போன லோபெஸ் தெ அயாலா. அவருடைய முதற்பெயரும் பெத்ரோதான்!

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அதன்பிறகு காஸ்டிலில் வந்த பெயர்கள். என்ரிக்கே, ஹுவான், என்ரிக்கே, ஹுவான், என்ரிக்கே என்று 1474 வரை இரண்டே பெயர்கள். பெத்ரோ என்ற பெயரில் காஸ்டில் அரியணையிலோ பிற்கால ஸ்பெயின் அரியணையிலோ வேறு எவரும் அமரவில்லை. வைத்த பெயர் சொல்வதைவிட வைக்காமல் விட்ட பெயர் அதிகம் சொல்லும் இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று இங்கிலாந்தின் ஜான். 1216இல் இறந்த ஜானுக்குப் பிறகு அந்தப் பெயரில் அங்கே மன்னர் இல்லை. ஸ்காட்லாந்தில் இதே பெயர் இன்னும் நேரடியான சிக்கலைக் கொண்டுவந்தது. 1390இல் பட்டத்துக்கு வந்தவரின் சொந்தப் பெயர் ஜான். ஆனால் அவர் மூன்றாம் ராபர்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு முடிசூடினார். ஜான் என்ற பெயரோடு ஆண்டால் அவர் எத்தனையாவது ஜான் என்ற கேள்வி வரும். இரண்டாவது என்றால், 1292 முதல் 1296 வரை ஆண்ட ஜான் பேலியலை முறையான மன்னர் என்று ஒப்புக்கொண்டதாகும். பேலியலை மறுத்து எழுந்த புரூஸ் குடும்பத்தின் வழியில்தான் இவருக்கு அரியணையே கிடைத்தது. முதலாவது என்றால் பழைய சண்டையைக் கிளறியதாகும். ராபர்ட் என்று மாறியதில் புரூஸின் பெயரும் கிடைத்தது, சிக்கலும் போயிற்று. பெயர் உரிமைக் கோரிக்கை என்றேன் அல்லவா, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி மூன்று ஹென்றிகளின் போர். 1580களில் பிரான்சில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்துவந்த உள்நாட்டுப் போர்களின் எட்டாவது கட்டம் இது. மன்னர் மூன்றாம் ஹென்றி வாலுவா வம்சத்தின் கடைசி வாரிசு, பிள்ளை இல்லை. 1584இல் அவருடைய தம்பி இறந்ததும் சட்டப்படி அடுத்த வாரிசு நவார் நாட்டு மன்னர் ஹென்றி. அவர் புராட்டஸ்டண்ட். அதை ஏற்காத கத்தோலிக்க அணியின் தலைவர் கீஸ் பிரபு ஹென்றி. மூவரும் 1550 முதல் 1553 வரையிலான நான்கு ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள். அப்போது அரியணையில் இருந்தவர் இரண்டாம் ஹென்றி.

ஆனால் மூவருக்கும் பெயர் வந்த வழி வேறு வேறு. நவார் ஹென்றியின் தாய்வழித் தாத்தா நவார் மன்னர் ஹென்றி. மூன்றாம் ஹென்றிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஹென்றியே அல்ல, அலெக்சாந்தர் எட்வர்ட். தந்தை இறந்த பிறகு 1560களில்தான் தந்தையின் பெயரை ஏற்றார். அவருடைய கடைசித் தம்பி ஹெர்குலும் அப்படியே பிரான்சுவா ஆனார். இதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பே போகிமியாவின் வென்செஸ்லாஸ் என்ற சிறுவன் பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்தபோது, பிரெஞ்சு மன்னரின் பெயரான சார்லஸை ஏற்றுக்கொண்டு பின்னாளில் பேரரசர் நான்காம் சார்லஸ் ஆனான். அரச பெயர் வழிவழியாக வந்தது என்றே நினைக்கிறோம். வளர்ந்த பிறகு எடுத்துக்கொண்டவர்களும் குறைவில்லை.

எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நவார் ஹென்றி தன் நாட்டில் 1572 முதல் மூன்றாம் ஹென்றி. பிரெஞ்சு ஹென்றி 1574 முதல் பிரான்சின் மூன்றாம் ஹென்றி. பதினைந்து ஆண்டுகள் இரண்டு மூன்றாம் ஹென்றிகள் பக்கத்து அரியணைகளில் இருந்தார்கள். நாட்டின் பெயரைச் சேர்க்காமல் எழுதினால் யாரைச் சொல்கிறோம் என்பதே தெரியாது.

போர் வேகமாக முடிவை நோக்கிச் சென்றது. 1587 அக்டோபரில் கூத்ராவில் நவார் ஹென்றி மன்னரின் படையைத் தோற்கடித்தார். 1588 மே மாதம் பாரிஸ் மக்கள் கீஸ் பக்கம் எழுந்து தெருக்களில் தடுப்பு அரண்களைப் போட்டார்கள். மன்னர் தலைநகரை விட்டே ஓட நேர்ந்தது. டிசம்பர் 23 அன்று மன்னர் கீஸை புளுவா கோட்டைக்குள் தன் அறைக்கு வரச்சொல்லி மெய்க்காவலர்களால் குத்திக் கொல்லவைத்தார். அதற்குப் பிறகு பாரிஸ் அவரைத் துரோகியாகவே பார்த்தது. வேறு வழியின்றி அவர் நவார் ஹென்றியுடன் கைகோத்தார். இருவரும் பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, 1589 ஆகஸ்ட் 1 அன்று ஜாக் கிளெமான் என்ற துறவி மன்னரைக் குத்தினான். மறுநாள் அவர் இறந்தார். மிஞ்சிய ஹென்றி பிரான்சின் நான்காம் ஹென்றி ஆனார். 1593இல் கத்தோலிக்கராக மாறினார், 1594இல் முடிசூடினார், 1610இல் அவரும் கத்திக்குத்தில் இறந்தார். மூன்று ஹென்றிகளுக்கும் ஒரே முடிவு.

இந்தப் போரில் பெயர்களுக்குப் பின்னால் இருந்த வம்சாவளிச் சண்டையை நான் முக்கியமாக நினைக்கிறேன். கீஸ் ஆதரவாளர்கள் தங்கள் தலைவர் சார்லமேனின் வழிவந்தவர் என்று துண்டறிக்கைகள் பரப்பினார்கள். காப்பே குடும்பம் பறித்த அரியணை திரும்பப் போகட்டும் என்பது அதன் உட்பொருள். 987இன் கணக்கு ஆறு நூற்றாண்டுகள் கழித்தும் தீரவில்லை. நவார் ஹென்றியின் உரிமையோ 1270இல் இறந்த ஒன்பதாம் லூயியின் கடைசி மகன் வழியாக வந்தது. அதனால்தான் அவர் 1601இல் பிறந்த தன் வாரிசுக்கு ஹென்றி என்று பெயரிடவில்லை, லூயி என்று வைத்தார். திருச்சபை புனிதராக அறிவித்த மூதாதையின் பெயர், புதிதாக வந்த பூர்போன் குடும்பத்துக்கு அரணாயிற்று. பதின்மூன்றாம் லூயியிலிருந்து பதினெட்டாம் லூயி வரை எண் நீண்டதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அந்த வரிசைக்குள் எத்தனை லூயிகள் எண் பெறாமலே மறைந்தார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பதினான்காம் லூயியின் மகன் லூயி 1711 ஏப்ரலில் இறந்தார். பேரன் லூயி 1712 பிப்ரவரியில் இறந்தார். கொள்ளுப்பேரன் லூயி அடுத்த மாதமே இறந்தான். ஓராண்டுக்குள் லூயி என்ற பெயருள்ள மூன்று பட்டத்து வாரிசுகளை அந்த வீடு அடக்கம் செய்தது. எஞ்சிய சிறுவனும் ஒரு லூயி; அவன்தான் 1715இல், ஐந்து வயதில் பதினைந்தாம் லூயி ஆனான்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடைக்காலத்தில் பெரும்பாலான மன்னர்கள் எண்ணோடு தங்களை அழைத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் 1272 முதல் 1377 வரை தொடர்ந்து மூன்று எட்வர்டுகள் வந்தபோதுதான் ஆவணங்களில் பிரித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் வலுத்தது. அந்த எண் 1066 நார்மன் வெற்றிக்குப் பிறகிருந்தே தொடங்குகிறது; அதற்கு முன்பு ஆண்ட மூன்று எட்வர்டுகள் கணக்கில் இல்லை. முதலாம் எட்வர்டுக்கு அந்தப் பெயர் வந்ததோ அந்த மூவரில் ஒருவரான புனித எட்வர்டின் மீது அவருடைய தந்தைக்கு இருந்த பக்தியால். பெயரை எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிட்டார்கள்.

எண் போடுவது ஒரு தீர்ப்பு. பதினாறாம் லூயியின் மகனாகப் பிறந்து 1795இல் சிறையில் பத்து வயதில் இறந்த சிறுவன் ஒருநாளும் ஆளவில்லை. ஆனாலும் அவனுடைய பெரிய சித்தப்பா தன்னைப் பதினெட்டாம் லூயி என்று அறிவித்தார். சிறுவன் பதினேழாமவன், புரட்சி அரசு செல்லாது என்று அந்த எண் சொல்கிறது. 1852இல் லூயி நெப்போலியன் தன்னை மூன்றாம் நெப்போலியன் என்றபோது, முதலாம் நெப்போலியனின் மகனை இரண்டாமவராக எண்ணி, அதே வாதத்தை எதிர்த்தரப்பு கையில் எடுத்தது. எண்ணுக்காக வெடிகுண்டும் வெடித்திருக்கிறது: ஸ்காட்லாந்தில் முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லை என்பதால், இரண்டாம் எலிசபெத்தின் முத்திரை பொறித்த அஞ்சல் பெட்டி ஒன்று 1953இல் எடின்பரோவில் தகர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு ஸ்காட்லாந்தின் புதிய பெட்டிகளில் அந்த முத்திரையைப் பொறிக்கவில்லை.

சுவீடன் இதில் தனி ரகம். 16ஆம் நூற்றாண்டுப் பேராயர் யொஹான்னஸ் மாக்னுஸ் எழுதிய வரலாறு, நாட்டின் தொன்மையைப் பெருக்கிக் காட்டக் கற்பனை மன்னர்களை அடுக்கியது. அந்தக் கணக்கை நம்பி 1560இல் பட்டமேற்றவர் பதினான்காம் எரிக் ஆனார். பின்னர் வந்தவர் ஒன்பதாம் சார்லஸ் ஆனார். முதல் ஆறு சார்லஸ்களுக்கு ஆதாரமே கிடையாது. ஆனாலும் எண் நிலைத்துவிட்டது. 1973 முதல் ஆளும் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். ஜெர்மனியின் சிறிய ராய்ஸ் அரச குடும்பமோ ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும், பட்டத்துக்கு வராதவர்களுக்கும் சேர்த்து, ஹைன்ரிஷ் என்றே பெயரிட்டு எண் கொடுத்தது. 1848இல் பதவி விலகியவர் எழுபத்திரண்டாம் ஹைன்ரிஷ்.

டென்மார்க்கில் 1513 முதல் 1972 வரை கிறிஸ்டியன், பிரெடெரிக் என்ற இரண்டு பெயர்கள் ஒரு தடவைகூடத் தவறாமல் மாறி மாறி வந்தன. 1863இல் ஏழாம் பிரெடெரிக் பிள்ளையின்றி இறந்து வேறு கிளைக் குடும்பம் வந்தபோதும், வந்தவரின் பெயர் கிறிஸ்டியனாக இருந்ததால் வரிசை உடையவில்லை. தமிழகத்துக்கும் இந்த வரிசையோடு நேரடித் தொடர்பு உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கால் பதித்தது நான்காம் கிறிஸ்டியன் காலம். 1706இல் அங்கே வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்குவை அனுப்பியவர் நான்காம் பிரெடெரிக். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றது எட்டாம் கிறிஸ்டியன் காலம். தரங்கம்பாடியில் அடித்த டேனிஷ் காசுகளில் கிரீடத்தின் கீழ் மன்னர் பெயரின் முதலெழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்தை மட்டும் பார்த்தால் கிறிஸ்டியனா பிரெடெரிக்கா என்பதற்கு மேல் தெரியாது. எண்தான் காலத்தைச் சொல்லும்.

பிரித்தறிவதற்கு நான் கைக்கொள்ளும் முறை எளிது. பெயர், எண், நாடு, ஆட்சி ஆண்டு ஆகிய நான்கையும் சேர்த்தே குறிப்பெழுதுங்கள். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐந்தாம் சார்லஸ் என்று கண்டால், அவர் 1364 முதல் 1380 வரை பிரான்சை ஆண்டவரா, 1519இல் பேரரசராகத் தேர்வானவரா என்று பாருங்கள். இரண்டாமவர் ஸ்பெயினில் முதலாம் கார்லோஸ். 1603க்குப் பிறகு இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸும் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸும் ஒருவரே. அரகானின் நான்காம் பெத்ரோவைக் கட்டலோனிய நூல்கள் மூன்றாம் பெரே என்று குறிப்பிடும். பார்சிலோனாவும் அரகானும் இணைவதற்கு முன்பு ஆண்ட அரகான் பெத்ரோவை அவர்கள் எண்ணுவதில்லை. ஹென்றி, ஆன்றி, ஹைன்ரிஷ், என்ரிக்கே நான்கும் ஒரே பெயர் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரே மனிதர் இரு நூல்களில் இரு பெயரில் வருவார்.

இதற்குப் பிறகும் குழப்பம் வந்தால் வம்சாவளி மரத்தை ஒரு தாளில் வரைந்துபாருங்கள். பெயர் எங்கே திடீரென்று மாறுகிறதோ, எங்கே ஒரு பழைய பெயர் நெடுங்காலம் கழித்துத் திரும்பி வருகிறதோ, அந்த இடத்தில் நின்று அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளின் நிகழ்வுகளை வாசியுங்கள். அநேகமாக அங்கே ஒரு கொலையோ திருமணமோ வாரிசுச் சண்டையோ இருக்கும்.